எழுபத்திரண்டில் ஒரு பங்கு

டப்பாவில் பிரெஞ்சுக் குதிரைப்படை, பன்னிரண்டு பேர்,
சாம்பல் நிறப் பிளாஸ்டிக்.
கடைவாய்ப் பல்லை வேரோடு பிடுங்கினால் வருமே,
அதைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆள் உயரம்.
பல்லில் அளந்தே பழகிய கை எனக்கு.

பெருந்துறை ரோட்டில் மாடி லேப்.
பகலெல்லாம் ஈரோட்டுக்குப் பல் செட் கட்டுகிறேன்.
ஏழு மணிக்கு மேல் அதே விளக்கில்,
அதே மெழுகுக் கத்தியால்
ஒருவனைப் பிரெஞ்சுக்காரன் இல்லாமல் ஆக்குகிறேன்.

முதலில் தொப்பி போயிற்று.
தொப்பி போன மண்டை எதற்கென்று தலையும்.
நெஞ்சில் பதினெட்டுப் பொத்தான், அத்தனையும் சீவினேன்.
பூட்ஸை முட்டியோடு அறுத்து
செம்புக் கம்பி நட்டு
வெறுங்கால் வைத்தேன்.

மைசூர்க்காரனா,
இந்தப் பக்கத்துப் பாளையத்து ஆளா,
எனக்கே தெரியாது.
தொண்ணூறாம் வருஷம் கெஜலட்டிக் கணவாய் இறங்கி
பவானியைக் கடந்தவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று
எழுதியவர்கள் எல்லாம்
துப்பாக்கிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்.
ஒருவர் சிவப்பு என்கிறார்.
இன்னொருவர் தூசிதான் தெரிந்தது என்கிறார்.
நான் தூசியை எடுத்துக்கொண்டேன்.

குதிரைதான் மல்லுக்கு நின்றது.
முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே,
கொடியில் காயும் துணி மாதிரி
நீட்டிக்கொண்டு பறந்தது.
எந்தக் குதிரையும் அப்படி ஓடாது.

ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனேன்.
வந்தவர்கள் சுழி பார்த்தார்கள், பல் பார்த்தார்கள்.
பல் பார்க்கிற தொழில்காரி நான்
காது பார்த்தேன்.
நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ள
உள்ளே வளைந்த காது,
ஈக்கு ஒருதரம், என் மூச்சுக்கு ஒருதரம்
திரும்பிய காது.
"எத்தனைக்குப் பாக்கறீங்க?" என்றார் வியாபாரி ஹபீப்.
"காது மட்டும் போதுங்க."
பதில் பேசாமல்
குதிரையை அக்கட்டால திருப்பிக் கட்டினார்.

வந்து நாலு காலையும் அறுத்தேன்.
பல் செட் கம்பியில் எலும்பு, எபாக்ஸியில் சதை.
ஒரு குளம்பு மண்ணில்,
மற்ற மூன்றும் கணக்கு.
காதுக்குப் பதினொரு ராத்திரி.
முதல் ஜோடி முயல்.
அடுத்தது கழுதை.
மூன்றாவது சரியாக வந்து, தும்மலில் பறந்து,
இன்னும் லேப் தரையில் எங்கேயோ
எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது.

கடிவாளம், மாத்திரை அட்டைத் தகடு.
நெற்றிச் சுட்டி, பீங்கான் பொடி.
மளிகைக்கடை ராக்கியப்பனின் மேல்வாய் முன்பல்லில் மிச்சம்,
வெற்றிலை போடுகிறவர்களுக்கென்று
கொஞ்சம் மஞ்சள் கூட்டிய வெள்ளை.
அவர் சிரிப்பும் குதிரை நெற்றியும்
ஒரே சூளையில் வெந்தவை.
அவருக்கு நான் சொல்லவில்லை.

தலைப்பாகைத் தலையை ஒட்டும்போது
கரண்ட் போனது.
பசை யாருக்கும் காத்திருக்காது.
பூவரசி செல்போன் வெளிச்சம் கொண்டுவந்தபோது
அவன் இடது தோளுக்கு மேலாகப்
பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஓடுகிற குதிரையிலிருந்து.

அறுத்துத் திரும்ப ஒட்டலாம்.
கத்தியும் கையில்தான் இருந்தது.
"கழுத்து வலிக்காதுங்களாக்கா?" என்றாள் பூவரசி.
கத்தியைக் கீழே வைத்தேன்.

பின்னால் பார்க்கிறவன்
முன்னால் வாளை ஓங்கிக்கொண்டிருப்பானா?
வாளை நறுக்கினேன்.
மூன்று நாள் வெறுங்கை.
நாலாம் நாள் அந்தக் கையைப்
பிடரி மயிரைப் பிடிக்க வைத்தேன்.
விழுந்துவிடக் கூடாதல்லவா.

காங்கயம் ரோட்டுக் கொறங்காட்டில் ஒரு பிடி செம்மண்,
சலித்தது.
கொழுக்கட்டைப் புல்லுக்குப் பழைய பிரஷ் மயிர்.
பின்பக்கம் மட்டும் பலகையை
இரண்டு அங்குலம் நீளமாக விட்டேன்.
யாரையாவது வைக்க வேண்டும் அங்கே:
விழுந்த குதிரை, கூடப் பிறந்தவன்,
துரத்தும் துருப்பு.
டப்பாவில் பதினொரு பேர் இருக்கிறார்கள்,
என்ன சொன்னாலும் ஆகிவிடுவார்கள்.
உருண்டை முனைக் கம்பியால்
ஏழெட்டுக் குளம்படி அழுத்தினேன்.
அதற்குமேல் கை வரவில்லை.

காலையில் கடி சரிபார்க்க வந்த ராக்கியப்பன்
கண்ணாடியைக் கொடுத்தால்
மேஜையைப் பார்த்தார்.
"ஏனுங்கம்மணி,
எதுக்கு இவன் திரும்பிப் பாக்கறான்?"

"கரண்ட் போச்சுங்க" என்றேன்.